கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கெட்டுவிட்டதா? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது. மைலேஜ் விழுந்துவிட்டது. ஏசி போடாமலே ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் எதைச் சொல்லிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் ஒரே பதில் வர வாய்ப்பு உண்டு: "டெம்பரேச்சர் சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்." பல நேரம் அது சரியாகவும் இருக்கும். பொருளும் பெரும்பாலான கார்களுக்கு சில நூறு ரூபாய்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் சென்சாரை மாற்றிய பிறகும் அதே கோளாறோடு திரும்பி வரும் வண்டிகள் ஏராளம். சென்சார் சூட்டைத் தப்பாகச் சொன்னதா, இல்லை இன்ஜினின் சூடே தப்பாக இருந்து சென்சார் அதை ஒழுங்காகச் சொன்னதா என்று பார்க்காமல் விட்டதுதான் காரணம். தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் இறங்காது. கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும் முதலில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப்போகிறோம்.

சென்சார் செய்யும் வேலை சின்னது: இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூட்டைச் சொல்வது. அதன் பித்தளை மூக்குக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பிவிட்டு, எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்த்து டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது, ஐட்லிங்கை எவ்வளவில் வைப்பது, ஃபேனை எப்போது போடுவது, ஏசி கம்ப்ரசரை எப்போது நிறுத்துவது என்று எல்லாம் முடிவாகிறது. ஒரு சின்ன சென்சார் கெட்டால் அறிகுறி பத்து இடத்தில் தெரிவது இதனால்தான்.

வேண்டிய சாமான்: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஓபிடி போர்ட்டில் (இசியூவின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) செருகும் புளூடூத் டாங்கிள், போனில் ஒரு ஆப். இஎல்எம்327 வகை டாங்கிள் விலை குறைந்ததே போதும். லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்களை, காட்டினால் சரி. போர்ட் டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் கால் வைக்கும் பக்கத்தில் இருக்கும். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கோவிட் காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கருவி இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டின் அளவுக்குள் மட்டுமே படிக்கும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ எக்ஸ்பேன்ஷன் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்ததும் அது முகத்தில்தான் வந்து அடிக்கும். இன்னொன்று, மின்சார ஃபேன் எந்த நேரத்திலும் தானாகச் சுழலலாம். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஓடும். கையும் துப்பட்டாவும் சட்டைக் கையும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் வெயில் படுவதற்கு முன், சாவியை ஆன் மட்டும் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், ஆப்பில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை. எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற வண்டியில் தண்ணீரும் காற்றும் இரும்பும் ஒரே சூட்டில்தான் இருக்கவேண்டும். சென்னையில் விடிகாலை 27 டிகிரி என்றால் இரண்டும் 27-க்குப் பக்கத்தில், நான்கைந்து டிகிரிக்கு உள்ளேயே இருக்கும்.

காற்று 27, கூலன்ட் 52 என்றால் கூலன்ட் சென்சாரோ அதன் வயரிங்கோ பொய் சொல்கிறது. கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. 130-க்கு மேல் என்றால் எங்கோ ஷார்ட். பணம் செலவில்லாத, எதையும் கழற்றாத சோதனை இது. ஆனாலும் ஷெட்டில் நடப்பது அபூர்வம், ஏனென்றால் வண்டி அங்கே போய்ச் சேரும்போது சூடாகிவிடுகிறது. அதனால் இதை வீட்டு வாசலில் நீங்களேதான் செய்யவேண்டும்.

அடுத்து ஸ்டார்ட் செய்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். தடங்கலில்லாமல் சீராக ஏறவேண்டும். இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அந்த இடத்தில் எண் சற்று தயங்கி, ஓரிரு டிகிரி இறங்கிக்கூட ஏறலாம். பிறகு ஓட்டத்தில் 85-க்கும் 95-க்கும் நடுவில் நிற்கும். டிராஃபிக்கில் நின்றால் 95, 100 வரை ஏறி, ஃபேன் ஓடி, இறங்கும். இதுதான் ஆரோக்கியமான வண்டியின் ஓட்டம். உங்கள் வண்டி இதிலிருந்து எங்கே பிசகுகிறது என்று குறித்துக்கொண்டு கீழே உரிய அறிகுறிக்குப் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம், சூடான பிறகு ஒழுங்கு

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி சரி, ஆனால் இன்ஜின் பிடிக்க நேரமாகிறது. பிடித்தாலும் முதல் ஒரு நிமிடம் தடுமாறி ஆஃப் ஆகிறது. ஆக்சலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் நிற்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சூடாக இருப்பதாக இசியூ நம்பினால் இப்படி ஆகும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. சூடான இன்ஜினுக்கான அளவை ஊற்றினால் போதாது.

நம் சமவெளியில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும். 28 டிகிரி காலையில் கூடுதலாகத் தேவைப்படும் பெட்ரோல் குறைவு என்பதால் மதுரையிலோ திருச்சியிலோ வண்டி எப்படியோ சமாளித்துவிடும். அதே வண்டி டிசம்பரில் ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றால் காலையில் குட்டு வெளிப்பட்டுவிடும். "மலைக்குப் போனா மட்டும் ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்பவர்கள் காலை நேரச் சோதனையை ஒரு முறை செய்து பார்க்கலாம்.

டீசல் வண்டியில் இதே பொய் வேறு விதமாகத் தெரியும். இன்ஜின் சூடு என்று நம்பும் இசியூ ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைக் குறைந்த நேரமே போடும், அல்லது போடவே போடாது. டாஷ்போர்டில் சுருள் கம்பி விளக்கு வந்தவுடன் மறைகிறது, ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை, டகடகவென்று சத்தம். க்ளோ பிளக்கே தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் லைவ் டேட்டாவில் எண்ணைப் பாருங்கள்; எண் சரியாக இருந்தால் க்ளோ பிளக் பக்கம் போங்கள்.

காலையில் எண் சரி, ஸ்டார்ட்டிங் மட்டும் சரியில்லை என்றால் சென்சாரை விட்டுவிடுங்கள். ஃபியூவல் பம்ப் அழுத்தம், பேட்டரி, த்ராட்டில் பாடியில் கரி என்று வேறு பட்டியல் அது.

சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வாடை

நெடுந்தூரம் ஓட்டி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி, திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் அடம். சைலன்சரில் கரும்புகை, பச்சைப் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி கறுப்பாகப் படிந்திருக்கும். இது மேலே சொன்னதன் தலைகீழ்: இன்ஜின் சூடு, இசியூ மட்டும் குளிர் என்று நம்பி அள்ளி ஊற்றுகிறது.

அப்போதைக்கு வண்டியைக் கிளப்ப ஒரு வழி உண்டு. ஆக்சலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல பெட்ரோல் கார்களில் இப்படிச் செய்தால் இசியூ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். உள்ளே தேங்கியது வெளியேறி, பிறகு பிடிக்கும்.

ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்திலேயே லைவ் டேட்டாவைப் பார்ப்பதுதான் சோதனை. இப்போதுதான் ஓடி நின்ற வண்டி 85, 90 காட்டவேண்டும். 30, 40 காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒழுங்காக 92 காட்டினால் கசியும் இன்ஜெக்டர்தான் அடுத்த சந்தேகம். இசியூ பதிந்து வைக்கும் எரர் கோடுகளில் பி0172, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம் என்பது, இரண்டிலும் வரும். அந்தக் கோடை மட்டும் வைத்து சென்சார் வாங்கிவிடாதீர்கள்.

மைலேஜ் குறைவு, ஐட்லிங் அதிகம், இன்ஜின் சூடே ஏறவில்லை

அதிகமாக ஏமாறும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆப்பில் கூலன்ட் 60, 65 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஐட்லிங் 1200 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்க மறுக்கிறது. சில நாளில் பி0128 அல்லது பி0125 கோடு (இரண்டும் இன்ஜின் சூடு போதவில்லை என்பவை) விழுகிறது. ஷெட்டில் சென்சார் மாற்றப்படுகிறது, எதுவும் மாறுவதில்லை. ஏனென்றால் இந்த வண்டியில் பல நேரம் இன்ஜின் உண்மையிலேயே 65 டிகிரியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வண்டி ஒரு முறை ஹீட் ஆனால் போதும், "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூடிவிடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் அப்படி இல்லை. சூடே ஏறாத இன்ஜினுக்கு இசியூ குளிர் நேரப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், ஆயில் சீக்கிரம் நீர்க்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். முந்தைய ஓனர் வால்வைக் கழற்றியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வால்வு இருக்கிறதா, இருந்தாலும் திறந்தபடியே சிக்கிக்கொண்டதா என்று கையாலேயே பார்க்கலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். நல்ல வால்வு என்றால் ஹோஸ் பல நிமிடம் சூடேறாமல் இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று கை வைக்க முடியாத அளவு சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு இல்லை, அல்லது மூடவில்லை. சில இன்ஜின்களில் வால்வு தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் இருக்கும். அதில் கீழ் ஹோஸை வைத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஹோஸைப் பின்தொடர்ந்து இன்ஜின் முனைக்குப் போங்கள். இரண்டு மூன்று போல்ட் போட்ட கிண்ணம் போன்ற மூடி எந்த ஹோஸில் இருக்கிறதோ, அதுதான்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் சென்சார் பொருத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து உலோகத்தைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அங்கே ஒட்டி, டேப்பின் மேல் நீட்டிப் பாருங்கள். உலோகம் 88, ஆப்பில் 62 என்றால் சென்சார் பக்கம் கோளாறு. இரண்டும் 62, 65 என்றால் சென்சார் உண்மையைச் சொல்கிறது, வால்வை மாற்றுங்கள்.

சென்சார் பக்கம் கோளாறு என்று தெரிந்தாலும் சென்சார்தான் என்று முடிவாகிவிடாது. கப்ளரின், அதாவது சென்சாரில் ஒயர் செருகும் கனெக்டரின், உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் சென்சார் வகையில் 90 டிகிரியில் மின்தடை சுமார் 240 ஓம். அந்தப் பச்சையால் 100 ஓம் கூடினால் 340 ஓம். இசியூ கண்ணுக்கு அது 78 டிகிரி. அதே 100 ஓம் குளிர்ந்த நேரத்தில் 1700 ஓமோடு சேர்ந்தால் ஒன்றரை டிகிரிகூட மாறாது. அதாவது காலை நேரச் சோதனையில் தேறிவிட்டு, சூடானதும் குறைத்துக் காட்டும் வண்டியில் கப்ளரும் எர்த்தும்தான் முதல் சந்தேகம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கப்ளருக்குள் தண்ணீரோ கசிந்த கூலன்டோ புகுந்து இரண்டு பின்னுக்கும் நடுவே மின்சாரம் ஒழுகினால் மின்தடை குறையும், சூட்டைக் கூட்டிக் காட்டும். 5000 ஓம் அளவுக்கு ஒழுக்கு என்றால் 30 டிகிரி வண்டி 38 என்று காட்டும்; 90-ல் இரண்டு டிகிரிதான் மாறும். இது குளிரில் தெரியும், சூட்டில் மறையும். வாட்டர் வாஷ் போய் வந்த மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் நினைவில் வையுங்கள்.

சாவி போட்டதுமே ஃபேன் ஓடுகிறது, ஏசி குளிர்ச்சி இல்லை

சென்சார் சுற்று அறுந்துவிட்டது என்று இசியூ உணர்ந்தால், இன்ஜினைக் காப்பாற்ற ஒரு கற்பனைச் சூட்டை வைத்துக்கொண்டு ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிடும். பல வண்டிகளில் ஏசி கம்ப்ரசரையும் நிறுத்திவிடும். ஏசி கேஸ் நிரப்பப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு செலவு மிச்சம்.

ஆனால் ஏசி சுவிட்ச் ஆனில் இருக்கும்போது ஃபேன் ஓடுவது சாதாரணம். அதை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் பேட்டரி காலியாகும்வரை ஓடினால் ஃபேன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கோடும் இல்லை, லைவ் டேட்டாவும் சரி, சாவி போட்டதும் மட்டும் ஓடுகிறது என்றால் யாரோ ஃபேனை "டைரக்ட்" பண்ணி, அதாவது இசியூவைக் கேட்காமல் ஓடும்படி நேராக ஒயர் கொடுத்து, வைத்திருக்கலாம். ஃபேனிலிருந்து ரிலே பாக்ஸ் வரை ஒயரைப் பார்த்துக்கொண்டே போங்கள். அப்படியென்றால் கம்பெனி உறைக்கு வெளியே டேப் சுற்றிய ஒயர் ஒன்று கண்ணில் படும்.

ஃபேன் ஓடவே இல்லை, இன்ஜின் ஹீட் ஆகிறது

ஓட்டும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்தாலோ சூடு காட்டும் முள் மேலே போனாலோ, சென்சார் பொய் சொல்கிறது என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடவேண்டாம். ஓரம் கட்டி, ஆஃப் செய்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சென்சார் பொய் சொல்லியிருந்தால் உங்களுக்கு அரை மணி நஷ்டம். உண்மை சொல்லியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) மிச்சம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறைந்து, சென்சாரின் மூக்கு தண்ணீரில் நனையாமல் காற்றில் நின்றால் அது சூட்டைக் குறைத்துத்தான் சொல்லும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கி "எல்லாம் நலம்" என்று காட்டுவது இப்படித்தான். மேலே ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள், உடனே நிறுத்துங்கள். முள் இல்லாத, நீலம், சிவப்பு விளக்கு மட்டும் உள்ள சின்னக் கார்களில் இந்த இறக்கத்தைப் பார்க்கவே முடியாது. அவற்றில் மாதம் ஒரு முறை கூலன்ட் ரிசர்வ் டேங்க் அளவைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கூலன்ட் சரியாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சில நொடிகளில் ஃபேன் ஓடத் தொடங்கும். ஓடினால் ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நலம். சென்சார் தரும் எண்தான் ஃபேனைப் போடும் அளவுக்கு ஏறவில்லை. ஓடாவிட்டால் சென்சாரை விட்டுவிட்டு ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். பழைய வண்டிகளில் ஃபேனுக்கென்று ரேடியேட்டரிலேயே தனி சுவிட்ச் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

முள் ஆடுகிறது

பழைய வண்டிகளில் முள்ளுக்கு ஒற்றை ஒயர் சென்சார் தனி, இசியூவுக்கு இரட்டை ஒயர் சென்சார் தனி. முள் மட்டும் ஆடி இன்ஜின் நன்றாக ஓடினால் ஒற்றை ஒயர் ஆள்தான் காரணம். புது வண்டிகளில் முள்ளும் இசியூ சொல்வதைத்தான் கேட்கிறது. அதுவும் கிட்டத்தட்ட 75-லிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி மென்பொருளில் அடக்கி வைத்திருப்பார்கள். ஆகவே முள் நடுவில் நிற்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லைவ் டேட்டாவில் எண் 88-லிருந்து 40, திரும்ப 88 என்று நொடியில் தாவினால் அது மின்சாரக் கோளாறு. தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாறாது. பி0119 கோடும் (விட்டு விட்டு வரும் சுற்றுக் கோளாறு) இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது கப்ளரையும் அதன் ஒயரையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒயர் உறை கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் இன்ஜின் சூட்டுக்கு ஒதுங்கும் எலிக்கு இந்த ஒயர் கையெட்டும் தூரம். எண் தாவாமல், சில நொடிகளில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கினால் கூலன்டில் காற்றுக் குமிழி. சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் காற்றை வெளியேற்றுங்கள். மாற்றாமலே குமிழி வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டியிருக்கும்.

செக் இன்ஜின் விளக்கு மட்டும், வேறு எதுவும் இல்லை

எரர் கோடைப் படியுங்கள். பி0118 என்றால் வோல்ட் அதிகம்: சுற்று அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. பி0117 என்றால் வோல்ட் குறைவு: எர்த்தோடு ஷார்ட். பி0116 என்றால் எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை. பி0115 பொதுவான சுற்றுக் கோளாறு. இவை எல்லாம் சுற்றைத்தான் குற்றம் சொல்கின்றன. சுற்று என்றால் சென்சார், கப்ளர், ஒயர், இசியூ நான்கும் சேர்ந்தது. பி0217 மட்டும் வேறு சாதி. அது இன்ஜின் உண்மையிலேயே ஹீட் ஆனதாகச் சொல்கிறது.

சென்சாரா, ஒயரா: முடிவு கட்டும் சோதனை

சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஆப் திறந்திருக்கட்டும். இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும் இது.

கப்ளரைக் கழற்றுங்கள். ஆப்பில் மைனஸ் 40 வரவேண்டும். வந்தால் ஒயரில் ஷார்ட் இல்லை. அடுத்து ஒயர் பக்கக் கப்ளரின் இரண்டு துளையையும் ஒரு சின்ன ஒயர்த் துண்டால் இணையுங்கள். எண் 130-க்கு மேல் பாயவேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் இசியூவும் வேலை செய்கின்றன. குற்றவாளி சென்சார்தான், அல்லது பின்னில் பூத்த பச்சை. எண் அசையவே இல்லை என்றால் புது சென்சார் போட்டாலும் அசையாது. சில வண்டிகள் கோளாறை உணர்ந்ததும் ஆப்பிலும் கற்பனைச் சூட்டையே காட்டும். எண் 80 போன்ற ஏதோ ஒன்றில் உறைந்து நின்றால் ஆப்பை நம்பாமல் மல்டிமீட்டரை எடுங்கள்.

கழற்றிய கப்ளரில் ஒரு துளையில் 5 வோல்ட் இருக்கவேண்டும். மற்றதற்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். கப்ளரை மாட்டிய நிலையில் பின்பக்கத்திலிருந்து ஊசியால் தொட்டு அளந்தால், குளிர்ந்த இன்ஜினில் 2 முதல் 3.5 வோல்ட், சூடான பிறகு 0.4 முதல் 0.9 வோல்ட் என்பது பொதுவான வரம்பு. ஒயரின் உறையை ஊசியால் குத்தாதீர்கள். குத்திய ஓட்டையில் தண்ணீர் புகுந்து ஆறு மாதத்தில் புதுக் கோளாறு வரும்.

கடைசியாக சென்சாரின் மின்தடை. சென்சாரை இன்ஜினிலிருந்து கழற்றாமலே, கப்ளரை மட்டும் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்னிலும் வைத்து அளக்கலாம். நம் ஊர்ப் பெட்ரோல் கார்களில் பரவலாக உள்ள வகைக்கு எண்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

20 டிகிரி: 2.2 முதல் 2.7 கிலோ ஓம்
30 டிகிரி: 1.7 கிலோ ஓம்
40 டிகிரி: 1.2 கிலோ ஓம்
60 டிகிரி: 600 ஓம்
80 டிகிரி: 320 ஓம்
100 டிகிரி: 185 ஓம்

எல்லா வண்டிக்கும் இதே எண் பொருந்தாது. முற்றிலும் வேறு அளவில் உள்ள சென்சார்களும் உண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல்தான் இறுதி. ஆனால் சூடு ஏறும்போது எண் இடைவெளி இல்லாமல் இறங்கிக்கொண்டே வரவேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது. கழற்றிய சென்சாரின் மூக்கை மட்டும் வெந்நீரில் நனையவிட்டு, உலோகப் பின்கள் நனையாமல் பிடித்து, தண்ணீர் ஆறும்வரை மீட்டரைக் கவனியுங்கள். நடுவில் ஓர் இடத்தில் எண் தாவினாலோ அறுந்து போனாலோ அந்த சென்சார் முடிந்தது. இரண்டு வெப்பநிலையில் மட்டும் அளந்து பாஸ் போட்டால் இந்தத் தாவலைத் தவறவிடுவீர்கள்.

மாற்றும்போது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கவேண்டும். மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். புது சென்சாரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றினால் கொஞ்சம்தான் கொட்டும். பெரும்பாலும் 19 நம்பர் ஸ்பேனர். சில வண்டிகளில் திருகு கிடையாது, ஒரு கிளிப்பும் ஓ-ரிங்கும்தான். வாஷரோ ஓ-ரிங்கோ, புதிதாகவே போடுங்கள். அலுமினிய ஹவுசிங்கில் பலத்தைக் காட்டினால் த்ரெட் போய்விடும். ஹவுசிங் பிளாஸ்டிக் என்றால் விரிசல். ஒற்றை ஒயர் சென்சாருக்கு உடம்பே எர்த் என்பதால் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டால் எர்த் கிடைக்காது.

புதிதாக வாங்கிய சென்சாரையும் மாட்டும் முன் மீட்டரில் வையுங்கள். நூறு ரூபாய் குறைவு என்று வாங்கும் லோக்கல் சென்சார் உருவத்தில் அச்சு அசலாக இருக்கும், உள்ளே மின்தடை வேறாக இருக்கும். அறைச் சூட்டில் பழையதும் புதியதும் பெரிய வித்தியாசம் காட்டினால், பழையது கெட்டதா புதியது தப்பா என்று மேனுவலோடு ஒப்பிடாமல் மாட்டாதீர்கள்.

குறைந்த கூலன்டை அதே வகைக் கூலன்டால் நிரப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம்; அதன் உப்புதான் சென்சார் மூக்கில் வெள்ளையாகப் படிந்து, சூடு ஏறுவதை உணரத் தாமதப்படுத்துகிறது. கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்குங்கள். காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து குமிழி நிற்கும்வரை விடுங்கள். இல்லையென்றால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, ஆறிய பிறகு அளவைப் பார்த்து ஊற்றுங்கள்.

எரர் கோடை அழித்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். மறுநாள் விடிகாலையில் அதே இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள். இரண்டும் ஒட்டி நின்று, ஓட்டத்தில் 85-ஐத் தாண்டினால் வேலை முடிந்தது. பி0118 மட்டும் திரும்ப வந்தால், கப்ளரிலிருந்து இசியூ வரை இரண்டு ஒயரையும் தனித்தனியாக மீட்டரில் அளக்கவேண்டியதுதான் பாக்கி. பேட்டரி ட்ரேக்கு அடியில் ஒயர் வளையும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.